என்டர்பிரைஸா, செண்டிரியான் பெர்ஹாட்டா? தனி ஆளாக மென்பொருள் விற்பவருக்கு ஒரு கணக்கு

மலேசியாவின் நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் ஆண்டுக்கு 60 ரிங்கிட் கட்டினால் வியாபாரப் பெயரோடு ஒரு என்டர்பிரைஸ், அதாவது தனி உரிமையாளர் வியாபாரம், கிடைத்துவிடும். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே நடத்தினால் 30 ரிங்கிட் போதும். தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமான செண்டிரியான் பெர்ஹாட்டுக்குப் பெயரை ஒதுக்க 50, பதிவு செய்ய 1,000, பிறகு 30 நாளுக்குள் நிறுவனச் செயலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். 2016 நிறுவனச் சட்டத்தில் ஒரே ஆளே இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருக்கலாம் என்பதால், தனி ஆளுக்கு இரண்டுமே சாத்தியம். வரையறுத்த பொறுப்புள்ள பிஎல்டி கூட்டாண்மைக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அதை இங்கே விட்டுவிடலாம்.

எது நல்லது என்ற பேச்சை எல்லோரும் வரியில்தான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் வரி மூன்றாவது கேள்வி. யார் வாங்குகிறார்கள், அவர்களுடைய எந்தத் தகவல் உங்கள் சர்வரில் இருக்கிறது என்ற இரண்டையும் அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

யார் வாங்குகிறார்கள்

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு துணிக்கடைக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருளை மாதம் 79 ரிங்கிட்டுக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். முதலாளி கேட்பது, "பில்லுல தமிழ் வருமா தம்பி? மெஷின் நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடறது?" என்பதுதான். டூயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பிவிடுவார். ரசீதில் உங்கள் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டார்.

அதே மென்பொருளை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கிடங்குக்குக் கொண்டுபோனால் நிலைமை வேறு. கொள்முதல் பிரிவு சப்ளையர் பாரம் அனுப்பும்: பதிவுச் சான்றிதழ், எஸ்எஸ்எம் விவர அறிக்கை, வங்கிக் கணக்கு ஆதாரம், பல நேரங்களில் முந்தைய ஆண்டுகளின் கணக்கறிக்கையும். என்டர்பிரைஸ் எஸ்எஸ்எம்மில் ஆண்டுக் கணக்கு எதையும் தாக்கல் செய்வதில்லை, அதனால் காட்ட ஒன்றும் இருக்காது. பாரம் மேசையிலேயே கிடக்கும், காரணம் சொல்லிப் பதிலும் வராது. தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அரசு தரும் மலேசியா டிஜிட்டல் அந்தஸ்து கேட்டு விண்ணப்பிக்கவும் நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனம் வேண்டும்.

மொபைல் செயலி என்றால் இன்னொரு சிக்கல். ஆப்பிள் கடையில் தனி உரிமையாளர் தனிநபராகத்தான் சேர முடியும். விற்பவர் என்ற இடத்தில் உங்கள் சொந்தப் பெயர் தெரியும். கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குக்கு, செயலியை வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும். நிறுவனக் கணக்குக்கு அந்த விதி இல்லை, ஆனால் நிறுவனங்களை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் கேட்பார்கள்.

எந்தத் தகவல் உங்களிடம் இருக்கிறது

என்டர்பிரைஸ் உங்களிடமிருந்து பிரிந்த ஆள் அல்ல. வாடிக்கையாளர் வழக்குப் போட்டால் வீடும் சேமிப்பும் சேர்ந்தே மாட்டும். துணி ஸ்டாக் தொலைந்தால் திட்டு வாங்குவதோடு போய்விடலாம். சம்பளப் பட்டியல், கிளினிக் நோயாளிப் பதிவு, பள்ளிப் பிள்ளைகளின் விவரம் அப்படிப் போகாது. 2024இல் திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்புக் கடமை உங்களைப் போல வாடிக்கையாளர் சார்பில் தகவலைக் கையாளும் தரவுச் செயலாக்குநர்மீதும் நேரடியாக விழுகிறது. தரவுக் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகும். இந்த வகை மென்பொருளை என்டர்பிரைஸில் ஆரம்பிக்கவே வேண்டாம். முதல் வாடிக்கையாளருக்கு முன்பே செண்டிரியான் பெர்ஹாட் இருக்கட்டும்.

அதுவும் முழுக் கவசம் அல்ல. அதே சட்டம் நிறுவனத்தின் குற்றத்துக்கு இயக்குநரையும் சேர்த்துக் குற்றம்சாட்ட இடம் தருகிறது. நிறுவனம் கட்டாத வருமான வரிக்கு, 20 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் இயக்குநரும் பொறுப்பு. தனி ஆள் நிறுவனத்தில் அந்த இயக்குநர் நீங்கள்தான்.

வரி

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனிநபர் கழிவுகளை விட்டுவிடுவோம். இலாபம் 100,000 ரிங்கிட் என்றால் என்டர்பிரைஸில் தனிநபர் வரி 9,400, நிறுவனத்தில் 15,000. இலாபம் 150,000 என்றால் 21,900க்கு 22,500. 200,000இல் தட்டு மாறுகிறது: 34,400க்கு 31,000. இரண்டும் சமமாகும் இடம் 157,500. செயலாளர், கணக்கர், வரித் தாக்கல் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 5,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த இடம் ஏறத்தாழ 210,000க்குத் தள்ளிப்போகும். நிறுவனத்துக்கு 15, 17 விழுக்காடு என்ற இந்தக் குறைந்த விகிதங்கள் சிறு நிறுவனத்துக்கே உரியவை. வெளிநாட்டவர் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டினால் முதல் ரிங்கிட்டிலிருந்தே 24.

நிறுவனத்தில் சம்பளம் எடுத்தால் கணக்கு மாறும். 150,000இல் மாதம் 5,000 சம்பளம் எடுத்தால், தனிநபர் வரி 2,600, மீதி 90,000க்கு நிறுவன வரி 13,500, மொத்தம் 16,100. என்டர்பிரைஸைவிட 5,800 மிச்சம். ஆனால் அதில் பெரும்பகுதி மேலே சொன்ன கட்டணங்களில் கரைந்துவிடும். இபிஎஃப் என்னும் ஓய்வுக்காலச் சேமநிதியும் உண்டு: முதலாளி பங்கு 13, ஊழியர் பங்கு 11 விழுக்காடு, மாதம் 1,200 ரிங்கிட். அது உங்கள் பணம்தான், என்றாலும் இந்த மாத சர்வர் பில்லுக்கு உதவாது.

வேலையில் இருந்துகொண்டே மாலையில் மென்பொருள் எழுதுபவருக்கு என்டர்பிரைஸில் ஒரு பெரிய வசதி உண்டு, பலர் கவனிப்பதில்லை. முதல் ஆண்டு நட்டத்தை அதே ஆண்டுச் சம்பள வருமானத்தில் கழிக்கலாம். நிறுவனத்தின் நட்டம் நிறுவனத்துக்குள்ளேயே கிடக்கும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பொறி: ஆண்டுச் சந்தா. டிசம்பரில் பன்னிரண்டு மாதப் பணத்தை வாங்கினால், இன்னும் செய்யாத சேவையாக இருந்தாலும் கையில் வந்த ஆண்டின் வருமானமாகவே வரித்துறை எடுத்துக்கொள்ளும். ஆண்டு இறுதித் தள்ளுபடி போட்டு நிறைய விற்றுவிட்டு, அதைச் செலவழித்துவிடாதீர்கள்.

ஆண்டு முழுக்க வரும் வேலை

என்டர்பிரைஸுக்குப் பதிவைப் புதுப்பிப்பது, ஜூன் 30க்குள் வருமான வரிக்கான பி படிவம், அவ்வளவுதான். நிறுவனத்துக்குப் பதிவு நாளின் ஆண்டு நிறைவிலிருந்து 30 நாளுக்குள் ஆண்டறிக்கை, அதற்கு 150 ரிங்கிட். நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் கணக்கறிக்கை, 7 மாதத்துக்குள் வருமான வரிக்கான சி படிவம். வருமானமே இல்லாத ஆண்டிலும் இவை நிற்காது. நிறுவனப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்தால் அது இயக்குநர் கடன் ஆகும், அதற்கு வட்டி வந்ததாகக் கருதி வரி போடுவார்கள். இரண்டு வங்கி அட்டை, இரண்டு பணப்பை என்ற பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பவருக்கு

சின்னக் கடைகளுக்கு விற்பவர் என்டர்பிரைஸில் ஆரம்பித்து, இலாபம் 150,000ஐ நெருங்கும்போதோ முதல் தொழிற்சாலை கேட்கும்போதோ மாறலாம். நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் என்டர்பிரைஸ் தானாக நிறுவனமாக மாறாது. புதிய நிறுவனம் தொடங்கி ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும்.

நிரலின் பதிப்புரிமையை எழுத்தில் மாற்றித் தாருங்கள். எழுத்தில் இல்லாத மாற்றம் சட்டப்படி செல்லாது. டொமைன், ஆப்பிள், கூகுள் கணக்குகள் அடுத்து. அட்டைப் பணத்தை வசூலித்துத் தரும் ஸ்டிரைப் சேவையில் உரிமையாளர் மாறினால் புதிய கணக்குத் திறக்க வேண்டும். அட்டை விவரங்களைப் புதிய கணக்குக்கு நகலெடுக்கச் சொல்லிக் கேட்கலாம், சந்தாக்களை மட்டும் அங்கே மறுபடி உருவாக்க வேண்டும். இந்த இடத்தில்தான் ஒரே மாதத்துக்கு இரண்டு முறை காசு பிடிபடும். பழைய சந்தாவை நிறுத்திவிட்டு, அதன் அடுத்த பில் தேதியையே புதிய சந்தாவின் தொடக்கத் தேதியாக வையுங்கள், முதலில் ஐந்து வாடிக்கையாளர்களுக்கு மட்டும் செய்து ஒரு பில் சுற்று பாருங்கள். ஸ்டிரைப் வழியாக எஃப்பிஎக்ஸில், அதாவது இணைய வங்கியிலிருந்து, கட்டுபவர்களுக்கு நகர்த்த ஒன்றுமில்லை, அங்கே தானாகப் பிடிக்கும் சந்தா கிடையாது. அவர்களுக்குப் புதிய கட்டண இணைப்பையும், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்புபவர்களுக்குப் புதிய கணக்கு எண்ணையும் வாட்சப்பில் அனுப்பினால் போதும்.

பழைய கணக்குக்குப் பணம் வருவது நின்ற பிறகு வியாபாரத்தை முடித்து, 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மின் சி படிவம் (வரியின் சி படிவம் அல்ல) போட்டு என்டர்பிரைஸை மூடுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருங்கள். பழைய எண்ணுக்கே பணம் அனுப்பும் ஒரு கடைக்காரராவது இருப்பார்.