ரைசன் 7 5800எக்ஸ்3டி: பழைய ஏஎம்4 போர்டுக்குப் புது உயிர்

ரைசன் 5 1600, 2600 போட்ட ஏஎம்4 (ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான ஒரு சாக்கெட் வகை) கம்ப்யூட்டரில் போர்டையும் டிடிஆர்4 ரேமையும் அப்படியே வைத்துக்கொண்டு ப்ராசஸரை மட்டும் மாற்ற நினைக்கும் கேமர்களுக்கு ஏஎம்டி-யின் ரைசன் 7 5800எக்ஸ்3டி-யைத் தயங்காமல் சொல்லலாம். 2022 ஏப்ரலில் வந்தது. 8 கோர், 16 த்ரெட், 105 வாட். பலமெல்லாம் எல்3 கேஷில், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரியில், இருக்கிறது. 2600-இல் 16 எம்பி, சாதாரண 5800எக்ஸில் 32. இதில் அந்த 32-க்கு மேல் இன்னொரு 64 எம்பியை அடுக்கி, மொத்தம் 96.

கேம் ஓடும்போது ப்ராசஸர் ரேமிலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் நேரம்தான் பல சமயம் திக்கலாகத் தெரிகிறது. கேஷ் பெரிதாக இருந்தால் அந்தக் காத்திருப்பு குறையும். ஃப்ளைட் சிமுலேட்டர், பெரிய ஸ்ட்ராட்டஜி கேம்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். 4கே-யில் ஆடுபவர்களுக்கு கிராபிக்ஸ் கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும், லாபம் கொஞ்சம்தான். வீடியோ ரெண்டரிங்குக்கு 12 கோர் உள்ள 5900எக்ஸே மேல்.

மாற்றும் வேலையை பயாஸிலிருந்து (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) தொடங்க வேண்டும். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலின் ப்ராசஸர் பட்டியலைத் திறந்து, 5800எக்ஸ்3டி-க்கு எதிரே எந்த பயாஸ் வெர்ஷன் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே அதை ஏற்றிவிட வேண்டும். புதியதைப் போட்ட பிறகு திரை கறுப்பாகவே நின்றால், பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டி வந்ததுதான் காரணம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயையும் முன்பே எழுதி வையுங்கள். முதல் பூட்டில் எஃப்டிபிஎம்-ஐ (பூட்டின் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்யவா என்று கேட்கும்; செய்துவிட்டால் அந்தக் கீ இல்லாமல் விண்டோஸ் திறக்காது.

அதிகம் பேர் தவறு செய்வது பழைய கூலரைக் கழற்றும்போது. ஏஎம்4 சாக்கெட்டில் ப்ராசஸரை மேலிருந்து அழுத்திப் பிடிக்க இரும்புச் சட்டம் கிடையாது. லிவர் பின்களைப் பக்கவாட்டில் கவ்வுவதோடு சரி. காய்ந்த தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்த நடுவில் தடவும் பசை) கூலரையும் ப்ராசஸரையும் ஒட்டவைத்திருக்கும். நேராக மேலே இழுத்தால், லிவர் பூட்டியிருந்தாலும் ப்ராசஸர் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். பத்து நிமிடம் கனமான ப்ரோகிராம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கி, ஷட்டவுன் செய்து, பவர் ஒயரை உருவுங்கள். க்ளிப்பையோ ஸ்க்ரூவையோ விடுவித்ததும் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கையிலேயே தெரியும். அதற்குப் பிறகு தூக்கினால் போதும்.

புதியதை விளிம்பில் பிடித்து, மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தினால் தன் எடையிலேயே உட்காரும். விரலால் அழுத்த வேண்டி வந்தால் ஏதோ ஒரு பின் வளைந்திருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பட்டாணி அளவு பேஸ்ட், ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவது, ஃபேன் ஒயர், அவ்வளவுதான். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) திரும்ப ஆன் செய்ய மறக்காதீர்கள். பயாஸ் மாற்றியதில் அது ஆஃப் ஆகி, ரேம் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

குறை என்றால் சூடு. கோர்களுக்கும் மேல்மூடிக்கும் நடுவே கூடுதல் சிலிக்கன் அடுக்கு இருப்பதால் வெப்பம் சட்டென்று வெளியே வராது. எல்லை 90 டிகிரி. அதைத் தொட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டியில் கூலர் வராது. 65 வாட் ப்ராசஸரோடு வந்த சின்னக் கூலர் இதற்குப் பத்தாது, 120 மிமீ ஃபேன் உள்ள நல்ல டவர் கூலர் வேண்டும். கிராபிக்ஸும் உள்ளே கிடையாது, தனி கார்டு கட்டாயம்.

பழையதாக வாங்குகிறவர்கள் பின் வரிசைகளைச் சாய்வான வெளிச்சத்தில் நான்கு பக்கமும் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். அதே 96 எம்பி கேஷோடு வரும் 5700எக்ஸ்3டி-யின் உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ், இதில் 4.5. விலையில் பெரிய இடைவெளி இருந்தால் 5700எக்ஸ்3டி-யையே எடுக்கலாம்.