அக்குவாவை எத்தனோலுக்கு மாற்றுவதா, பெற்றோலிலேயே விடுவதா?

திருகோணமலையில் அக்குவா, பிரியஸ் என்ற டொயோட்டா ஹைபிரிட் கார்கள் (பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடுபவை) வைத்திருப்பவர்கள் பெற்றோல் விலை ஏறும்போதெல்லாம் இதைக் கேட்கிறார்கள். எத்தனோல் என்பது கரும்பு போன்றவற்றில் இருந்து எடுக்கும் மதுசாரம். அதற்கு ஒக்டேன், அதாவது இன்ஜினில் தட்டல் வராமல் தாங்கும் திறன், கூட, உண்மைதான், ஆனால் லீற்றருக்கு பெற்றோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் இ85 (85 வீதம் வரை எத்தனோல் கலந்த பெற்றோல்) ஊற்றினால் அதே தூரம் ஓட எரிபொருளும் கூடக் குடிக்கும், எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர் அதைத் தாங்க வேண்டும், இன்ஜின் கம்பியூட்டரை மாற்றி எழுத வேண்டும், ரப்பர் குழாய்களையும் பார்க்க வேண்டும். போதாததற்கு அது ஈரத்தை உறிஞ்சும், நம் கடற்காற்றில் வண்டி நாள்கணக்கில் நின்றால் சொல்லவே வேண்டாம். பெற்றோலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பிரேசிலில் 2019இலேயே டொயோட்டா எத்தனோலிலும் ஓடும் கொரோலா ஹைபிரிட் விற்றது, சரி, அங்கே கரும்பு எத்தனோல் பெற்றோல் செட்டிலேயே கிடைக்கும். இங்கே கந்தளாய் சீனித் தொழிற்சாலை இயங்காமல் போய்ப் பல வருடம். என்னைக் கேட்டால் பெற்றோல்தான், மாற்றச் செலவாகும் காசை ஹைபிரிட் பற்றரிக்கு வைத்திருங்கள்.