ராமேஸ்வரத்திலிருந்து சென்னை திரும்ப: திருச்சி வழியா, கடலோரமா?

கேரளக் கரையோரமாக இறங்கி, கன்னியாகுமரி, திருச்செந்தூர் பார்த்து, அரிச்சல்முனை வரை போய்வந்தாயிற்று. டிக்கி முழுக்க அழுக்குத் துணி. இனி வீடு திரும்புவது ஒன்றுதான் பாக்கி. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குப் போய் நான்குவழிச் சாலையைப் பிடித்துவிடுவார்கள். நாங்களும் முன்பு அப்படித்தான் வந்திருக்கிறோம். இந்த முறை ராமநாதபுரத்தில் வலப்பக்கம் திரும்பி, தேவிபட்டினம், தொண்டி, நாகப்பட்டினம், புதுச்சேரி என்று கடலோரமாகவே வந்தோம். நானும் கணவரும் மாறி மாறி ஓட்டுவோம் என்பதால் இரண்டு வழியையும் ஸ்டீயரிங் பக்கமிருந்தும் பார்த்தாகிவிட்டது. கையில் நாள் இருந்தால் என் ஓட்டு கடலோரத்துக்கே.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது; கோடியக்கரை வரை போகாவிட்டால் இரண்டுமே 600 கிலோமீட்டரை ஒட்டித்தான். நேரத்தில்தான் வித்தியாசம். திருச்சி வழியில் விடியற்காலை கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். கடலோரத்தில் ஊருக்கு ஊர் வேகத்தடை, ஆடு மாடு, எதிரே ஏறி வரும் பஸ். ஒரே நாளில் வந்து சேர நினைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். டோல் செலவு திருச்சி வழியில் அதிகம். காரைக்காலில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட மலிவு, டேங்கை அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். கடலோரச் சாலை என்றதும் கடல் கூடவே வரும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ராமநாதபுரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே காருக்குள் இருந்தபடி கடல் தெரிகிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்ணில் படுவதெல்லாம் சீமைக் கருவேலம், கண்மாய், பனை, இறால் பண்ணை. தஞ்சை மாவட்டத்துக்குள் நுழைந்தால் தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகள் இவை. கடல் எப்போதும் தோப்புக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளியே இருக்கும். ஆகவே இந்த வழியில் வருவதன் பலன் முழுக்கக் கிழக்கே பிரிகிற கிளைச் சாலைகளில்தான். திரும்பினால் கடல், திரும்பாவிட்டால் இது இன்னொரு நெடுஞ்சாலை, அதுவும் மெதுவான நெடுஞ்சாலை.

திரும்புவது எவ்வளவு சுலபம் என்பதை வைத்துத்தான் நான் இரண்டு வழியையும் எடைபோடுகிறேன். நான்குவழிச் சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஒரு பலகையைப் பார்த்து, படித்து, "போலாமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் திருப்பம் பின்னால் போயிருக்கும். அடுத்த யூ-டர்ன் எங்கேயோ. "சரி, அடுத்த தடவை" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அடுத்த தடவையும் இதையேதான் சொல்வோம். கடலோரச் சாலையில் வண்டியே நாற்பது ஐம்பதில்தான் போகிறது. பார்த்ததும் ஓரங்கட்டலாம், தவறவிட்டால் அங்கேயே திருப்பிக்கொள்ளலாம்.

கட்டுமாவடியில் அப்படித்தான் மீன் சந்தைக் கூட்டத்தைப் பார்த்து இறங்கினோம். "வாங்கி எங்க வைக்கப் போற?" என்று கணவர் கேட்டது நியாயம்தான். கருவாடு வாங்கினேன்; சென்னை வரை இரண்டு கண்ணாடியையும் இறக்கியே வந்தோம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா. நெப்போலியன் தோற்றதற்குத் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் கடற்கரையில் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம். யாருடைய சண்டைக்கு யார் நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் தனியாக அரை நாள் ஒதுக்கச் சொல்வேன். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த அகஸ்தியம்பள்ளி, அந்தச் சாலையிலேயே வருகிறது. உப்பளம் இன்றும் இருக்கிறது. அதைத் தாண்டிக் கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்தின் புல்வெளியில் வெளிமான்கள். பூநாரை பார்க்கக் குளிர்காலம்தான் சரி.

நாகூர் தர்காவையும் காரைக்காலையும் தாண்டினால் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1718-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு எழுப்பிய தேவாலயம், எதிரே கடல். இங்கே கடலுக்காகத் தேட வேண்டாம், தெரு முடிந்தால் கடல்தான். ஓரிடத்தில் மட்டும் தங்க முடியும் என்றால் இங்கே தங்குங்கள்.

நாகப்பட்டினம்–விழுப்புரம் நான்குவழிச் சாலைப் பணி துண்டு துண்டாக நடந்துவந்தது. கிளம்புமுன் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். அது முழுமையானால் நேரம் மிச்சமாகும், ஆனால் ஊர்கள் எல்லாம் புறவழிக்கு அந்தப் பக்கம் போய்விடும். நான் சொல்கிற சுகம் அதன்பின் ராமநாதபுரம்–நாகை பகுதியில்தான் மிஞ்சும்.

திருச்சி வழியை ஒரேயடியாக மட்டம்தட்ட மனமில்லை. திருமயம் கோட்டை சாலையோரத்திலேயே நிற்கிறது, காரைக்குடியில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. முதுகுவலியோ கூட வயதானவர்களோ இருந்தால், நல்ல கழிப்பறையும் ஹோட்டலும் அடிக்கடி வருகிற வழி அதுதான். கடலோரத்தில் தொண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் திண்டாடினேன்.

அக்டோபர்–டிசம்பர் மழையில் இந்த வழியில் நாங்கள் வந்ததில்லை. புயல் எச்சரிக்கை இருக்கும்போது டெல்டா பக்கம் திரும்பாமலிருப்பதே நல்லது என்பது என் ஊகம். எங்களுடையது பெட்ரோல் வண்டி. மின்சார காருக்கு இந்த வழி எப்படி என்பதை அதை ஓட்டியவர்கள்தான் சொல்ல வேண்டும். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று முன்கூட்டியே முடிவுசெய்திருந்தோம், அதனால் ராத்திரி அனுபவமும் இல்லை.

கடைசித் துண்டு, புதுச்சேரி–சென்னை. திண்டிவனம் வழியாகவும் போகலாம், ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு எதற்கு? மரக்காணம் உப்பளம், கடப்பாக்கத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை என்று இங்கேயும் திரும்ப இடம் இருக்கிறது. ஞாயிறு மாலை மட்டும் வேண்டாம்; மாமல்லபுரத்திலிருந்து திருவான்மியூர் வரை ஊரே திரும்பிக்கொண்டிருக்கும். வாரநாளில், காலை ஆபீஸ் நெரிசல் அடங்கிய பிறகு நுழைவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.