நிறம் கற்பிக்கப் பையில் எதைப் போடுவது: வாட்டர்கலரா, அக்ரிலிக்கா, குவாஷா?

சட்டைப்பையில் அடங்கும் டப்பாவில் பன்னிரண்டு வாட்டர்கலர் கட்டிகளை வைத்துவிடலாம். அதே பன்னிரண்டு நிறத்தை இருபது பேருக்கு அக்ரிலிக்கில் கொடுக்கத் தனியாக ஒரு பெட்டி தூக்க வேண்டும். ஊர் ஊராகப் போய் ஓவியப் பயிலரங்கு நடத்துபவர்கள் பலர் கடைசியில் வாட்டர்கலருக்கு வந்து சேர்வதற்கு முதுகுவலியும் ஒரு காரணம். ஆனால் தூக்கிப்போக எளிதாக இருப்பதாலேயே அது நிறம் கற்பிக்கவும் ஏற்றது என்று நான் நம்பவில்லை. அதனால்தான் அக்ரிலிக்கையும், கீழே இருப்பதை மூடும் வாட்டர்கலர் வகையான குவாஷையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஆயில் கலரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும்; மெல்லிய பூச்சு காயவே நாள்கணக்காகும். ஈரப் படத்தை மாணவர் எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவார்? ஆயில் கலரைக் கரைக்கும் டர்பன்டைனை விமானத்திலும் ஏற்ற விடமாட்டார்கள். தண்ணீரில் கலக்கும் ஆயில் கலரில் அந்தத் தொல்லை இல்லை, காயும் தாமதம் மட்டும் அப்படியே. ஒரே இடத்தில் வாரக்கணக்கில் தங்கி நடத்தும் வகுப்பென்றால் சரி.

வாட்டர்கலரைப் பிடித்துவைத்திருப்பது வேல மரப் பிசின். காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். பேலட்டை (நிறம் கலக்கும் தட்டை) மூடிப் பையில் போட்டு அடுத்த ஊரில் திறந்தால் போதும், எதுவும் வீணாகாது. காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம் இல்லாவிட்டால், காகிதம் செய்யும் குற்றத்துக்கு மாணவர்கள் தங்கள் கையை நொந்துகொள்வார்கள்.

சிக்கல் வேறிடத்தில். புதியவர் மஞ்சளையும் நீலத்தையும் கலக்கிறார், பச்சை வெளிறிப்போகிறது. கலவை தவறா, தண்ணீர் கூடிவிட்டதா? அவருக்குப் பிடிபடாது. அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் ஈர பிரஷ் பட்டால் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை விரியும். அப்புறம் நிறமாவது ஒன்றாவது, கறையைத் துடைப்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

அக்ரிலிக்கில் தப்பு செய்தால் பத்து, இருபது நிமிடத்தில் மேலே பூசிக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில் துணிந்து கலப்பார்கள். நான் முதலில் செய்யச் சொல்வது இரண்டு பச்சைகள்: ஒரு பக்கம் லெமன் மஞ்சளும் தாலோ நீலமும், மறுபக்கம் அடர் காட்மியம் மஞ்சளும் அல்ட்ராமரீன் நீலமும். முதலாவது கண்ணைக் கூசும் தளிர்ப்பச்சை. இரண்டாவது மங்கிய பாசிப்பச்சை. காட்மியத்தில் ஆரஞ்சுச் சாயலும் அல்ட்ராமரீனில் சிவப்புச் சாயலும் இருப்பதால் வரும் மங்கல் அது. மஞ்சளும் நீலமும் பச்சை என்ற பள்ளிக்கூடக் கணக்கு அந்த மேசையிலேயே உடைந்துவிடும்.

அக்ரிலிக்கும் ஏமாற்றும். ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும் அதன் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் நிறம் ஒரு படி கறுக்கும். வாட்டர்கலரோ காய்ந்ததும் வெளுக்கும். எதுவானாலும் துண்டுக் காகிதத்தில் தீற்றி, ஹேர் டிரையரில் காயவைத்துப் பார்க்கப் பழக்குவது நல்லது. கழுவ மறந்த அக்ரிலிக் பிரஷைக் குச்சியாகத்தான் பயன்படுத்த முடியும். சாப்பாட்டு இடைவேளையில் இப்படி எத்தனை பிரஷ் போயிருக்கிறது!

எடையைக் குறைக்க நிறங்களையே குறைக்கலாம். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் பேலட்டில், அதாவது நிறத் தொகுப்பில், வெள்ளை, மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கே. வெள்ளையில் கலந்த கறுப்பு, சிவப்புக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரியும். நீல டியூபை ஒளித்துவைத்திருக்கிறேனா என்று யாராவது மேசைக்கடியில் எட்டிப் பார்ப்பார்கள். முகம், உடல் வரைய இது அற்புதம். பளிச்சென்ற ஊதா கேட்டால் கைவிரித்துவிடும்.

குவாஷ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாட்டர்கலர் போலப் பிசின்தான், காய்ந்தபின் இளகும். அக்ரிலிக் போலக் கீழே இருப்பதை மூடும். கீழ்ப்பூச்சு கிளறிக்கொண்டு வருவதும், தடித்துப் பூசினால் வெடிப்பதும் குறைகள். காயும்போது அடர்நிறம் வெளுக்கும், வெளிர்நிறம் கறுக்கும் என்ற கூத்தும் உண்டு. ஆனாலும் ஒருநாள் நிற வகுப்புக்கு என் ஓட்டு இதற்கே. ஏற்பாட்டாளர்கள் வண்ணம் வாங்கி வைப்பதாக இருந்தால் அக்ரிலிக். மூன்று நாள் கிடைத்தால் வாட்டர்கலர்.

இப்போது என் பையில் ஏழு குவாஷ் டியூப்கள்: மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றிலும் வெம்மையானது ஒன்று, குளிர்ந்தது ஒன்று, கூடவே வெள்ளை. வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குகிறேன், அப்படியும் முதலில் தீர்வது அதுதான்.