கிரைண்டர் வாங்க சிக்பேட்டையா, செல்போனா?

இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டருக்குச் செல்போனில், ஆன்லைன் தளத்தில் ஒரு விலை, பெங்களூர் சிக்பேட்டைப் பக்கம் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் ஒரு விலை, ஜெயநகர் ஷோரூமில் இன்னொரு விலை. மூன்றும் ஒரே சாமானுக்குச் சொன்ன விலைதானா என்று பார்க்காமல் தொகையை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது. பெங்களூரில் தமிழ் வீட்டுச் சமையலறைக்கு இல்லாமல் முடியாதவை கிரைண்டர், மிக்சி, குக்கர். இந்த மூன்றையும் வைத்துத்தான் இந்த ஒப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கிரைண்டரைக் கடையில் வாங்குங்கள். மிக்சி, மாடல் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் ஆன்லைனில் வாங்கலாம். குக்கரை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம், ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து.

முதலில் மாடல் நம்பர். பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரிலும், மிக்சியைக் கவிழ்த்தால் அடியில் வாட், வோல்ட் போட்ட தகட்டிலும் அது இருக்கும். ஆன்லைனில் பெரிய எழுத்தில் தெரிவது விளம்பரப் பெயர்தான். மாடல் நம்பர் கீழே விவரப் பட்டியலில் ஒளிந்திருக்கும். கடைசி ஒரு எழுத்து மாறினாலே சாமான் மாறிவிடும். '750 வாட், 3 ஜார்' என்று இரண்டிலும் போட்டிருக்கும். ஆனால் ஒன்றில் சட்னி ஜார் சின்னது, ஒன்றில் ஜூஸ் ஜாருக்கு வடிகட்டி கிடையாது, ஒன்றில் மோட்டார் வாரண்டி வருஷம் குறைவு. சில கம்பெனிகள் ஆன்லைனுக்கென்றே தனி மாடல் போடுகின்றன. 'அந்த மாடல் எங்களுக்கு வர்றதே இல்லைங்க' என்று கடைக்காரர் சொன்னால் சாக்கு என்று நினைக்க வேண்டாம், பல நேரம் உண்மைதான். அப்படிப்பட்ட இரண்டு மாடல்களை ஒப்பிட வேண்டுமானால் ஜார் எத்தனை, ஒவ்வொன்றின் கொள்ளளவு எவ்வளவு, பொருளுக்கும் மோட்டாருக்கும் தனித்தனியாக வாரண்டி எத்தனை வருஷம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும்.

அடுத்து எம்.ஆர்.பி. '60 சதவீதம் தள்ளுபடி' என்பதற்கு மதிப்பே இல்லை, ஏனென்றால் எம்.ஆர்.பி.யை நிர்ணயிப்பது தயாரிப்பாளர். சட்டம் தடுப்பது அதற்கு மேல் விற்பதைத்தான். எவ்வளவு உயர்த்தி அச்சடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் தள்ளுபடி சதவீதத்தை விட்டுவிட்டு விலை வரலாற்றைப் பாருங்கள். கீப்பா, பைஹட்கே போன்ற இணையக் கருவிகள் ஒரு சாமான் முன்பு என்ன விலைக்குப் போனது என்று கோடு போட்டுக் காட்டும். பண்டிகைச் சலுகைக்கு முந்தைய வாரம் விலை ஏறி, சலுகை நாளில் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தால் அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும்.

கடைக்குப் போவதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு லாபம் உண்டு. 2018 ஜனவரி 1 முதல் ஆன்லைன் தளங்களும் எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் பெயர் போன்றவற்றைக் காட்டியாக வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் தயாரித்த மாதம், வருஷத்தைக் காட்டும் கட்டாயம் மட்டும் அவர்களுக்கு இல்லை. கடையில் பெட்டியைத் திருப்பினால் அது தெரியும். கிரைண்டர் பெல்ட்டும் குக்கர் கேஸ்கட்டும் ரப்பர்; வருஷக்கணக்கில் கோடவுனில் கிடந்தால் இறுகிவிடும். ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய தேதி இருந்தால் புதுப் பெட்டி கேளுங்கள், அல்லது அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள்.

இனி கிரைண்டர். கணக்குக்காக ஆன்லைன் விலை 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைசித் திரையில் ஹேண்ட்லிங் சார்ஜ், பிளாட்ஃபார்ம் ஃபீ என்று ஒரு 49 ரூபாய் ஒட்டிக்கொள்ளும். மொத்தம் 4,549. கடையில் 4,900 சொல்லி 4,650-க்கு இறங்குகிறார்கள். சிக்பேட்டை மெட்ரோ பக்கத்திலேயே இருந்தாலும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்க முடியாது, ஆட்டோதான். 2025 ஆகஸ்டிலிருந்து மீட்டர் கட்டணம் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. ஏழு கிலோமீட்டருக்கு 126 ரூபாய், டிரைவர் மீட்டர் போட்டால். ஆக 4,776. வித்தியாசம் 227 ரூபாய். பேங்க் கார்டுச் சலுகை இருந்தால் இன்னும் கூடும். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கிடைப்பது, கல்லைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு. கிரைண்டரின் கனமெல்லாம் கருங்கல்லில் இருக்கிறது. தெர்மோகோல் வைத்துக் கட்டினாலும், வழியில் பெட்டி ஓரமாக விழுந்தால் அந்தக் கல்லின் கனமே எவர்சில்வர் டிரம்மை நசுக்கும். விளிம்பு லேசாக நெளிந்தாலே போதும், ஒவ்வொரு சுற்றிலும் மாவு வழிக்கும் பிளாஸ்டிக் தகடு ஒரே இடத்தில் உரசி 'டக் டக்' என்று சத்தம் போடும். குழவிக் கல்லின் ஓரம் பெயர்ந்தால் மாவில் கல்பொடி வரும். இரண்டும் போட்டோவில் சரியாகத் தெரியாத பழுதுகள், மாற்றித் தரச் சொல்லி ஆன்லைனில் நிரூபிப்பது கஷ்டம்.

கடையில் இப்படிப் பாருங்கள். காட்சிக்கு வைத்திருப்பதை இல்லை, வீட்டுக்கு எடுத்துப் போகப்போகும் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். குழவிகளை வெளியே எடுத்து விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் அங்கே கல் உடைந்திருக்கிறது. காலி டிரம்மைக் கையாலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் இறுகாமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். பிறகு குழவிகளை மாட்டி, அவற்றைப் பிடிக்கும் கையின் லாக்கைப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிஷம் ஓடவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டச் சொல்லாதீர்கள், கல்லும் கல்லும் உரசித் தேயும். ஓடும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நடுத்தண்டு அடியில் தண்ணீர் கசிகிறதா, மோட்டார் சத்தம் ஏறி இறங்குகிறதா. சத்தம் ஏறி இறங்கினால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும், அங்கேயே சரிசெய்து தருவார்கள். கசிவு இருந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம். பிளக் பாயின்ட் இல்லை, பிரித்துக் காட்ட முடியாது என்று சொல்லும் கடைக்கு அந்த 227 ரூபாயைக் கொடுக்கக் காரணமே இல்லை. பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள்.

பேரம் பற்றி. பி.வி.கே. ஐயங்கார் ரோடு, சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் தமிழிலேயே பேசலாம். ஆனாலும் 'கம்மி மாடி' (குறைச்சுக் கொடுங்க) என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை போட்டால் பேச்சு சுமுகமாகப் போகும். ஆன்லைன் விலையைச் செல்போனில் காட்டுவதில் தப்பில்லை. கடைக்காரரும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் காட்டுவது அதே மாடல் நம்பராக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நிமிஷத்திலேயே பேச்சு முறிந்துவிடும். கிரியாஸ், பாய் இன்டர்நேஷனல், ஆதீஷ்வர், குரோமா மாதிரியான ஷோரூம்களில் தெருக்கடைப் பேரம் செல்லாது. ஆனால் கூட்டமில்லாத வார நாளில் மேலாளரிடம் நேராகக் கேட்டால் ஆன்லைன் விலைக்கு அருகில் வருவதுண்டு, அல்லது வீட்டு டெலிவரியை இலவசமாக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை பேட்டைப் பக்கம் பல மொத்தக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை கூட்டம் தாங்காது. செவ்வாய், புதன் காலை பதினொரு மணி நல்ல நேரம்.

கடையில் யுபிஐயில் கட்டுங்கள். கிரெடிட் கார்டு நீட்டினால் இரண்டு சதவீதம் கூடக் கேட்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. 4,650-க்கு அது 93 ரூபாய், பேரம் பேசிக் குறைத்ததில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். 'பில் வேணாம்னா இன்னும் முந்நூறு குறைச்சுக்கலாம்' என்ற பேச்சும் வரும். கிரைண்டருக்கு 2022 ஜூலை 18-இல் ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனதும் இந்த ஆசைக்கு ஒரு காரணம். முந்நூறுக்காக மோட்டார் வாரண்டியைக் கைவிடுவது நஷ்டக் கணக்கு. பில்லில் மாடல் நம்பர், சீரியல் நம்பர் இரண்டும் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் 29-இல் தொடங்கினால் கர்நாடகப் பதிவு, 33 என்றால் தமிழ்நாடு. ஆன்லைன் பில்லிலும் இதைப் பாருங்கள். விற்றவர் தளமா, தளத்தில் கடை விரித்த வேறு ஒருவரா என்று அந்தப் பில்லில் உள்ள விற்பனையாளர் பெயரில்தான் தெரியும். அந்த விற்பனையாளர் கம்பெனியின் அங்கீகாரம் இல்லாதவர் என்றால் வாரண்டியில் இழுபறி வரலாம். அதை வாங்குவதற்கு முன்னால் கம்பெனியின் கஸ்டமர் கேரில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

மிக்சியோடு ஃப்ரிட்ஜும் சேர்த்து நோ காஸ்ட் ஈஎம்ஐயில், அதாவது வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவதில், எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 30,000 ரூபாய், மாதம் 5,000 வீதம் ஆறு மாதம், பேங்க் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று கொள்வோம். வட்டித் தொகையான சுமார் 1,270 ரூபாயைத் தள்ளுபடியாக விலையில் முன்னாலேயே கழித்துவிடுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியைப் பேங்க் உங்களிடம்தான் வாங்கும், அது 229 ரூபாய். பிராசஸிங் ஃபீ 199 என்றால் வரியோடு 235. 'காஸ்ட்' இல்லாத கடனுக்கு 464 ரூபாய். மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி இதில் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும், பல நேரம் இருக்காது.

குக்கர் விஷயம் சுருக்கம். 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், தர எண் ஐஎஸ் 2347. முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022-இல் பெரிய ஆன்லைன் தளங்களுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் போட்டது. முத்திரையோடு உள்ள லைசென்ஸ் எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருடைய எண், நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். அரை நிமிஷ வேலை. கேஸ்கட், வெயிட் இரண்டையும் மட்டும் ஆன்லைனில் முகம் தெரியாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். அளவு கொஞ்சம் பிசகினாலும் ஆவி பக்கவாட்டில் போகும். பழைய கேஸ்கட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எவர்சில்வர் பாத்திரத்தில் சிக்பேட்டைக்கு நிகர் கிடையாது. அங்கே பல கடைகளில் எடைக்கு விலை, ஆன்லைனில் உருப்படிக்கு விலை. ஒப்பிட வேண்டுமானால் ஆன்லைன் விவரத்தில் உள்ள எடையால் விலையை வகுத்துக் கிலோ விலை கண்டுபிடியுங்கள். எடையே போடாத பாத்திரம் மெல்லிய தகடு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் கிரைண்டரை ஆன்லைனில்தான் வாங்குவது என்றால், டெலிவரி ஆளை நிறுத்திவைத்துப் பெட்டியின் ஆறு பக்கமும் வீடியோ எடுங்கள். பெட்டியின் டேப்பை நறுக்குவதிலிருந்து குழவியைக் கையில் எடுக்கும் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக இருக்கட்டும். 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்' என்று போட்டிருந்தால் பணம் திரும்ப வராது என்பதை நினைவில் வையுங்கள். புகார் கொடுத்தால் தளம் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாற்றித் தரும் கெடு ஏழு நாள் என்றால், ஞாயிற்றுக்கிழமை மாவு ஆட்டிக்கொள்ளலாம் என்று பெட்டியை ஓரமாக வைக்காதீர்கள். முதலில் ஒரு கைப்பிடி ஊறவைத்த அரிசியைத் தண்ணீர் விட்டு அரைத்துக் கொட்டிப் புதுக் கல்லில் ஒட்டியிருக்கும் பொடியைக் கழுவுங்கள். அன்றைக்கே உளுந்தும் ஊறப்போட்டுவிடுங்கள்.