நல்லூரடி ஐஸ்கிரீம் கடைகள்: கூச்சமுள்ளவர்கள் தனியப் போக

நாலு பேருக்கு முன்னால் இருந்து சாப்பிடப் பதகளிப்பவர்களுக்கு, யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலடி ஐஸ்கிரீம் கடைகள் நல்ல பழகுமிடம். 25 நாள் திருவிழாவுக்குள் தொடங்க வேண்டாம், சனம் நெருக்கும். சாதாரண நாளில், பின்னேரச் சனம் வரமுன்னம் போங்கோ. "ஒரு பலூடா தாங்கோ", கதைக்க அவ்வளவும் போதும். முதல்தரம் சுவரோர மேசை, பழகப் பழக நடுமேசை.

பலர் பிழைவிடுவது இருந்த பிறகுதான். நெஞ்சு படபடத்ததும் எழும்பிவிடுவார்கள், அல்லது போனுக்குள் தலையைப் புதைப்பார்கள். அப்போது மனம் 'ஓடியதால் தப்பினேன்' என்று படிக்கும். அடுத்தமுறை பயம் கூடும். படபடப்பு இறங்கும்வரை இருங்கோ, அது இறங்கும். அதற்குப் பலூடாதான் திறம்: கிளாஸின் அடியில் ஊறிக்கிடக்கும் கசகசாவை (திருநீற்றுப்பச்சை விதை) நீளக் கரண்டியால் கிளறிக் குடிக்க ஆறுதலாக நேரம் எடுக்கும். ஐஸ்கிரீம் உருகட்டும்; பாலோடு கலந்தால்தான் ருசி.