ஹெல்மெட் இன்டர்காம் ஜோடி: பேச்சு தெளிவு, ஆப் மட்டும் திருந்த வேண்டும்

நானும் என் கணவனும் ஆளுக்கொரு பைக் வைத்திருக்கிறோம். தூரப் பயணம் என்றால் இரண்டு பைக்கில் போவோம், பக்கத்தில் என்றால் ஒரே பைக்கில், அவன் பின்னால். இரண்டுக்கும் ஒத்துவர வேண்டும் என்றுதான், ஓட்டிக்கொண்டே பேச ஹெல்மெட்டில் பொருத்தும் இன்டர்காமை, அதில் மெஷ் என்ற வகையை, ஜோடியாக வாங்கினோம். மழை, வெயில், மலைப்பாதை எல்லாம் பார்த்தாயிற்று. பேசுவதற்கு அருமையான சாதனம். ஆனால் அதன் ஆப்பில் ஒரு விஷயம் எனக்கு நிஜமாகவே வலித்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பொருத்துவது. பாதிப் பேர் "சவுண்டு பத்தலை" என்று திட்டுவதற்கு ஸ்பீக்கர் காரணமே இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் காரணம். காதுக்குழிக்கு நேராக, காதைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் பாட்டின் அடி அதிர்வு, அதாவது பாஸ், காணாமல் போய்விடும். ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்து, கழற்றி, வெல்க்ரோவை நகர்த்தி, திரும்ப மாட்டிப் பாருங்கள், அந்த அரை மணி நேரம் வீண் போகாது. இடம் பத்தவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மோகோலை மட்டும் அறுத்துவிடாதீர்கள், தலையைக் காப்பாற்றுவதே அதுதான். ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டுக்குத் தாடைப் பக்கம் ஒட்டுகிற சின்ன மைக், முன்பக்கம் தூக்கித் திறக்கும் வகைக்குக் குச்சி மைக், இரண்டும் பெட்டியிலேயே இருந்தன.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். ஹைவே வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 100 டெசிபல் வரை போகும். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பு சொல்லும் கணக்குப்படி 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான். அந்த இரைச்சலை அடக்க வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனால் காது என்ன ஆகும்? நாங்கள் பஞ்சு மாதிரி இருக்கும் இயர் பிளக்கைப் போட்டுக்கொண்டுதான் இன்டர்காமில் பேசுகிறோம். காற்று அடங்கிவிடும், பேச்சு மட்டும் தெளிவாக உள்ளே வரும். பாட்டுக் கேட்க இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு ஓட்டுபவர்கள் கவனிக்க, பிரான்சில் 2015 ஜூலையிலிருந்தே அதற்குத் தடை, ஹெல்மெட்டில் பொருத்திய ஸ்பீக்கருக்கு மட்டும் அனுமதி உண்டு.

மெஷ் வேண்டுமா, ப்ளூடூத் போதுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ப்ளூடூத் இன்டர்காம் சங்கிலி மாதிரி, நடுவில் ஒருவர் பின்தங்கினால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் அறுந்துபோவார்கள். மெஷ்ஷில் ஒவ்வொரு கருவியும் மற்ற எல்லாவற்றோடும் பேசுவதால் ஒருவர் போனாலும் இணைப்பு வேறு வழியில் சுற்றி வந்துவிடும். ஆனால் இருக்கிறதே இரண்டு பேர் என்றால் சுற்றி வர மூன்றாவது கருவி ஏது? எனவே கணவனும் கணவனும் மட்டுமே, அல்லது யாரும் யாரும் மட்டுமே, ஜோடியாக ஓட்டுகிறீர்கள் என்றால் நல்ல ப்ளூடூத்தே போதும், மிச்சக் காசுக்கு நல்ல கிளவுஸ் வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு நேர்ப்பார்வைக்கு மட்டும்தான். மலையில் ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் போனாலே குரல் கரகரக்கிறது. திரும்பப் பார்வைக்கு வந்ததும் எதையும் அழுத்தாமலே அதுவாக இணைந்துவிடுவது மெஷ்ஷில் எனக்குப் பிடித்த விஷயம்.

எங்களுக்குள் இது செய்த மாற்றம் பெரியது. முன்பெல்லாம் பின்னால் உட்கார்ந்து தோளைத் தட்டுவான், எதற்கு என்று எனக்குப் புரியாது. இப்போது "டேய், லாரி ஒதுங்குறான், விடு, போகட்டும்" என்று காதுக்குள் வருகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் அம்மா எங்களோடு பேசுவதில்லை. வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். ஒரு நீண்ட நேர்சாலையில், இரண்டு பேரும் முன்னால் பார்த்தபடி ஓட்டும்போது, அவனாகவே ஆரம்பித்து முழுக்கச் சொன்னான். எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு சாலையைப் பார்த்தால் வருகிறது.

குழுவாகப் போகும்போது பொதுச் சேனலில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "முன்னாடி போறது உங்க தம்பியா?" என்று கேட்டார். "இல்லைங்க, என் புருஷன்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அதே ஆள், "அவர்கிட்ட சொல்லுங்க, அடுத்த வளைவுல மணல் கிடக்கு" என்றார். எனக்கு அது போதும்.

சரி, இப்போது ஆப். பைக் விழுந்தால் உணர்ந்து, நாம் குறித்து வைத்தவருக்கு இருப்பிடத்தோடு தகவல் அனுப்பும் வசதி இதில் உண்டு. நல்ல வசதி, தனியாக ஓட்டுபவர்களுக்கு இதற்காகவே வாங்கலாம். ஆனால் அந்த நபர் நமக்கு என்ன உறவு என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில், நான் ஆண் என்று பதிந்திருப்பதால் "மனைவி" மட்டும் வருகிறது, "கணவர்" வருவதில்லை. கஸ்டமர் கேருக்கு எழுதினேன். "நண்பர் என்று போட்டுக்கொள்ளுங்கள், தகவல் எப்படியும் போய்விடும்" என்று பதில். தகவல் போகும், தெரியும். நான் மயங்கிக் கிடக்கும்போது என் போனை எடுத்துப் பார்க்கிற ஆம்புலன்ஸ்காரருக்கு அவன் யார் என்பது அந்தத் திரையில் இருந்துதான் தெரியும். நண்பரை வெளியே நிற்கச் சொல்வார்கள், கணவரை உள்ளே விடுவார்கள். நெதர்லாந்தில் 2001 முதலும், தாய்லாந்தில் 2025 ஜனவரி முதலும் எங்களைப் போன்றவர்களின் கல்யாணம் சட்டப்படி செல்லும். ஒரு பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதற்கு எத்தனை வருஷம் வேண்டும்? அதுவரை நான் அவன் பெயரையே "கணவர்" என்ற சொல்லோடு சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறேன். ஹெல்மெட் உள்பட்டைக்கு அடியில் அவன் எண்ணும் என் ரத்த வகையும் எழுதிய அட்டையும் இருக்கிறது. நீங்கள் யாராக இருந்தாலும் அந்த அட்டையை வையுங்கள், போன் நொறுங்கினாலும் அட்டை இருக்கும்.

மற்றபடி, கிளவுஸ் போட்ட கையால் உருட்டும் சக்கரம் வசதி, தட்டையான பட்டன்கள் மழையில் சிக்கல். சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி தளர்ந்துகொண்டே வருகிறது, நனைவதற்கு முன் அழுத்தி மூடிவிடுங்கள். குளிர் அதிகமானால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், லித்தியம் பேட்டரிக்கு அது இயல்பு. ஐந்துக்கு மூன்றரை. அந்த ஒரு வரியைச் சேர்த்து அப்டேட் விட்டால் நாலரை போடுவேன்.